பொருள்: பயணச் செயலியில் ‘ஆஃப்லைன்’ என்பதற்கு ஒரு சொல் வேண்டும், வெள்ளிக்குள்

மொழிபெயர்ப்பு ஒருங்கிணைப்பாளர் எழுதியது:

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

வெளிநாட்டுப் பயணத்தைத் திட்டமிட உதவும் கட்டற்ற செயலி ஒன்றைத் தமிழாக்கி வருகிறோம். விமான டிக்கெட், விடுதி முன்பதிவு, விசா நகல், நாள்வாரித் திட்டம், வரைபடம் ஆகியவற்றை அதில் ஓரிடத்தில் வைத்துக்கொள்ளலாம். வெள்ளிக்கிழமை ஒப்படைத்தாக வேண்டும். ‘லேஓவர்’ என்பதற்கு ‘இடைத்தங்கல்’ என்று சென்ற வாரமே முடிவாகிவிட்டது. ‘ஐட்டினரி’க்குப் ‘பயண நிரல்’ போதும். ‘ஆஃப்லைன்’தான் மிச்சம்.

அது மூன்று இடங்களில் வருகிறது: வரைபடத்தை முன்கூட்டியே இறக்கிக்கொள்ளச் சொல்லும் பொத்தான், இறக்கிய வரைபடத்தின் அருகே வரும் குறிப்பு, இணைப்பு போனதும் தோன்றும் அறிவிப்பு. பொத்தானில் இடம் மிகக் குறைவு.

இதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. ஒருவர் புதிய நாட்டில் இறங்குகிறார். செலவுக்கு அஞ்சி ரோமிங்கை அணைத்து வைத்திருக்கிறார். அந்நாட்டு சிம் இன்னும் வாங்கவில்லை. விமான நிலைய வைஃபையோ குறுஞ்செய்தியில் வரும் எண்ணைக் கேட்கிறது, குறுஞ்செய்தி வரவில்லை. செயலியைத் திறந்தால் சாம்பல் நிறக் கட்டங்களின் நடுவே ஒரு நீலப் புள்ளி மட்டும் நிற்கிறது. புறப்படுமுன் வீட்டிலேயே அந்தப் பொத்தானை அழுத்தியிருந்தால் தெருப்பெயர் உட்பட எல்லாம் தெரிந்திருக்கும். சொல் புரியாததால் அவர் அழுத்தாமல் விட்டார் என்றால் பொறுப்பு நம்முடையது.

மூத்த உறுப்பினர்:

‘இணைப்பறு’ என்று வைக்கலாம். ‘இணைப்பறு வரைபடம்’, ‘இணைப்பறு நிலை’ என இரண்டு இடத்திலும் பொருந்தும். சுருக்கமாகவும் இருக்கிறது.

நிரலாளர்:

ஐயா, பொத்தானில் ‘இணைப்பறு’ என்று தனியே நின்றால் ஏவல் வினையாகத்தான் படிப்பார்கள். இணைப்பைத் துண்டிக்கும் பொத்தான் என்று எண்ணி ஒதுங்கிவிடுவார்கள்.

அடுத்து ‘இணைப்பில்லா’ என்று யாரேனும் முன்மொழிவீர்கள் என்பதால் இப்போதே சொல்லிவிடுகிறேன். அது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். பின்னால் வல்லினம் மிகும். ‘இணைப்பில்லா வரைபடம்’ என்பதில் தொல்லை இல்லை. ஆனால் ‘இணைப்பில்லாக் கோப்பு’, ‘இணைப்பில்லாப் பயண நிரல்’ என்று எழுத வேண்டும். பின்னால் வரும் சொல்லை மென்பொருள்தான் இட்டு நிரப்புகிறது. எந்த ஒற்றை இடுவது என்று அதற்குத் தெரியாது. பெயரெச்சத்தைத் தவிர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தமிழாசிரியர்:

‘ஆஃப்லைன்’ என்ற சொல் இல்லாததைச் சொல்கிறது. பயணிக்கு வேண்டியது கையில் இருப்பதைச் சொல்லும் சொல். நம்மிடம் அப்படி ஒன்று இருக்கிறது: ஆற்றுணா. ஆறு என்றால் வழி. உணா என்றால் உணவு. வழிக்குக் கட்டிக்கொண்டு போகும் சோறு. கற்றவருக்கு எந்த நாடும் வேற்றுநாடு ஆகாது, ஆதலால் அவருக்கு ஆற்றுணா வேண்டியதில்லை என்கிறது பழமொழி நானூறு. அயல்நாட்டுப் பயணத்தைப் பேசும் இடத்திலேயே இந்தச் சொல் வருகிறது, கவனியுங்கள். இறக்கி வைத்துக்கொண்ட வரைபடம் வழிக்கான கட்டுச்சோறுதானே? ‘ஆற்றுணா வரைபடம்’ என்று துணிந்து வைக்கலாம்.

இதே ‘ஆறு’தான் ஆற்றுப்படையிலும் இருக்கிறது. பத்துப்பாட்டில் சரிபாதி ஆற்றுப்படைகள். பரிசில் பெற்றுத் திரும்புகிறவன் எதிரே வருகிறவனுக்கு எவ்வழியே செல்ல வேண்டும், எந்த நிலத்தில் என்ன உண்ணக் கிடைக்கும் என்று சொல்லி அனுப்புகிறான். அவற்றுள் ஒன்றான மலைபடுகடாம் பன்றிக்கு வைத்த பொறிகளையும் பாம்புகளையும் தினைப்புனக் காவலர் எறியும் கவண்கல்லையும் எச்சரித்துச் சொல்கிறது. இன்றைய பயண வழிகாட்டிகளில் இத்தனை அக்கறையைக் காண்பது அரிது. ‘ஐட்டினரி’க்கு ‘ஆற்றுப்படை’ என்பதையே வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஒருங்கிணைப்பாளர்:

ஐயா, ‘பயண நிரல்’ முடிந்த ஒன்று. அருள்கூர்ந்து அதைத் திறக்க வேண்டாம்.

நிரலாளர்:

ஆற்றுணா அழகான சொல். ஆனால் அந்தப் பாடல் அது வேண்டியதில்லை என்று முடிகிறது. நாம் வேண்டும் என்று சொல்ல வருகிறோம். மேலும் பயணச் செயலியில் ‘உணா’ என்று கண்டால் உணவகம் தேடும் வசதி என்றே கொள்வார்கள்.

இலங்கை வழக்கு அறிந்த உறுப்பினர்:

எங்கள் பக்கம் ‘ஆன்லைன்’ என்பதற்கு ‘நிகழ்நிலை’ நிலைபெற்றுவிட்டது. 2024இல் இயற்றப்பட்ட சட்டத்தின் பெயரே நிகழ்நிலைக் காப்புச் சட்டம். அதற்கு இணையாக ‘அகல்நிலை’ என்று வைத்தால் இரண்டும் ஒரு சோடியாக நிற்கும்.

மூத்த உறுப்பினர்:

தமிழ்நாட்டில் ‘இணையவழி’ என்றுதான் அரசு அறிவிப்புகள் எழுதுகின்றன. ‘நிகழ்நிலை’ என்றால் விமானம் இப்போது எங்கே பறக்கிறது என்று அந்தக் கணமே காட்டுவதை நினைக்கிறேன். அதற்கு வேறு சொல்லை எங்கே தேடுவது?

இன்னொன்று. இந்த இழை முழுவதும் ‘செயலி’ என்கிறோம். ‘நுண்செயலி’ என்பதில் உள்ள செயலி வேறு. கணினியின் உள்ளே இருக்கும் உறுப்புக்கு வைத்த பெயரைக் கைப்பேசி மென்பொருளுக்குக் கொடுத்தது தவறு என்று அன்றே எழுதினேன். இன்றும் அதையே சொல்கிறேன்.

கல்லூரி விரிவுரையாளர்:

‘செயலி’ ஊன்றிவிட்டது; அதைப் பிடுங்க முடியாது. ‘ஆஃப்லைன்’ என்பதையும் அப்படியே விட்டுவிடலாம். மாணவர்கள் அனைவருக்கும் தெரிந்த சொல். பஸ்ஸையும் டிக்கெட்டையும் ஏற்றுக்கொண்ட மொழி இதையும் தாங்கும். திசைச்சொல்லுக்கு இடம் கொடுத்தவர் தொல்காப்பியர்.

தமிழாசிரியர்:

இடம் கொடுத்தவர் எழுத்துக்கும் வரம்பு வைத்தார். ஆய்தம் குற்றெழுத்தை அடுத்து, வல்லின உயிர்மெய்க்கு முன்னால் வரும்: அஃது, எஃகு. ‘ஆஃப்’ என்பதில் அதற்கு முன்னால் நிற்பது நெடில், பின்னால் வருவது ஒற்று. பகர ஒற்று தன்னோடு மட்டுமே மயங்கும், அதாவது அதன்பின் பகரம் மட்டுமே வரும். இங்கே லகரத்தோடு மயங்குகிறது. ஒரே சொல்லில் இத்தனை மீறல். தற்சமயம் வேறு வழியில்லை என்று நுழைப்பவை நிரந்தரமாகிவிடுகின்றன என்பதே என் கவலை.

முதியோருக்குக் கைப்பேசி கற்பிக்கும் உறுப்பினர்:

வணக்கம். என் வகுப்புக்கு வருகிறவர்களில் பலர் பிள்ளைகளைப் பார்க்க முதன்முறையாக வெளிநாடு போகிறவர்கள். அவர்கள் ‘ஆஃப்லைன்’ என்று கேட்பதில்லை; ‘இணைப்பறு’ என்றும் கேட்பதில்லை. “நெட் இல்லாமல் இது திறக்குமா, அம்மா?” என்றுதான் கேட்கிறார்கள்.

அவர்களுக்குப் புரியவைக்கக் கடினமானது வேறு. இருக்குமிடத்தைக் காட்ட இணையம் வேண்டாம். செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து அனுப்பும் குறிப்பலையைக் கைப்பேசியே வாங்கிக் கணக்கிடுகிறது. இணையத்தின் உதவி இல்லையென்றால் முதல்முறை சற்றுத் தாமதமாகும், அவ்வளவே. இணையம் வேண்டியது அந்தப் புள்ளிக்குக் கீழே விரியும் படத்துக்கு.

எல்லாச் செயலியும் ஒன்றுபோல நடப்பதும் இல்லை. கூகுள் மேப்ஸில் பகுதியை இறக்கி வைத்தாலும் இணையம் இல்லாதபோது காரில் செல்லும் வழியைத்தான் காட்டும். நடந்து போகவும் பஸ், ரயிலில் போகவும் வழி சொல்லாது. தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கும் ஓபன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத் தரவில் இயங்கும் ஆர்கானிக் மேப்ஸ், ஓஎஸ்மாண்ட் போன்றவை நடைவழியையும் காட்டும். கூகுள் மொழிபெயர்ப்பிலும் போகும் நாட்டு மொழியை முன்பே இறக்கிக்கொள்ள வேண்டும். பாஸ்போர்ட் நகலையும் விடுதி முகவரியையும் மின்னஞ்சலில் மட்டும் விட்டுவைக்காமல் கைப்பேசியிலேயே சேமிக்கச் சொல்கிறேன். குடிவரவு வரிசையில் நிற்கும்போது மின்னஞ்சல் திறக்காமல் போகலாம். இவற்றையெல்லாம் ‘ஆற்றுணா’ என்று விளக்கினால் ஆசையாகக் கேட்பார்கள். பொத்தானில் மட்டும் வேண்டாம்.

ஒருங்கிணைப்பாளர்:

நன்றி அம்மா. ஒரே சொல்லை மூன்று இடத்திலும் பொருத்தப் பார்த்ததால்தான் இத்தனை இழுபறி. ஆங்கிலம் மூன்றையும் ஒரு சொல்லில் அடைக்கிறது என்பதற்காக நாமும் அடைக்க வேண்டியதில்லை. என் முன்மொழிவு: பொத்தானில் ‘சேமித்து வை’. குறிப்பில் ‘இணையம் இல்லாமலும் திறக்கும்’. அறிவிப்பில் ‘இணைப்பு இல்லை’. இவற்றில் பெயரெச்சமே இல்லை, ஒற்றுச் சிக்கலும் இல்லை. உடன்படுகிறவர்கள் இன்றிரவுக்குள் சொல்லுங்கள்.

நிரலாளர்:

உடன்படுகிறேன்.

கல்லூரி விரிவுரையாளர்:

நானும்.

மூத்த உறுப்பினர்:

மூன்று தொடர்கள் கிடைத்தன, கலைச்சொல் கிடைக்கவில்லை. அமைப்புப் பக்கத்தில் ‘ஆஃப்லைன் மேப்ஸ்’ என்று ஒரு தலைப்பு இருக்கிறதே? அங்கே வாக்கியம் எழுத முடியாது.

ஒருங்கிணைப்பாளர்:

அங்கே ‘சேமித்த வரைபடங்கள்’.

நிரலாளர்:

அது கூடாது. ஏற்கெனவே ‘சேமித்த இடங்கள்’ என்று ஒரு பட்டியல் இருக்கிறது. பார்க்க விரும்பும் அருங்காட்சியகம், தங்கும் விடுதி போன்றவற்றைக் குறித்துவைக்கும் பட்டியல் அது. குறித்துவைத்ததால் மட்டும் அதன் படம் கைப்பேசிக்கு வந்துவிடாது. இரண்டும் ‘சேமித்த’ என்று தொடங்கினால் பயணி ஏமாந்துபோவார். பொத்தானையும் ‘பதிவிறக்கு’ என்று மாற்றிவிடுங்கள். தலைப்பு ‘பதிவிறக்கிய வரைபடங்கள்’ என்று இருக்கட்டும்.

தமிழாசிரியர்:

‘கைவச வரைபடங்கள்’ என்றால் என்ன குறை? கைவசம் என்பது எல்லா வீட்டிலும் புழங்கும் சொல்தானே.

முதியோருக்குக் கைப்பேசி கற்பிக்கும் உறுப்பினர்:

எனக்குக் ‘கைவச’ பிடித்திருக்கிறது, ஐயா. என் வகுப்பில் உடனே புரிந்துகொள்வார்கள்.

ஒருங்கிணைப்பாளர்:

பெரும்பாலோர் ‘பதிவிறக்கிய’ பக்கம் நிற்பதால் அதையே இட்டு ஒப்படைத்துவிட்டேன். ‘கைவச’ என்பதை அடுத்த பதிப்புக்கான குறிப்பில் சேர்த்திருக்கிறேன். அனைவருக்கும் நன்றி.

தமிழாசிரியர்:

என் மறுப்பையும் அந்தக் குறிப்பிலேயே சேர்த்துவிடுங்கள். இறக்கிய வரைபடத்தைப் புதுப்பிக்காமல் விட்டால் காலாவதியாகிவிடும் செயலிகள் இருக்கின்றன. அன்றைக்கு அது பதிவிறக்கியதுதான். ஆனால் கைவசம் இல்லை. இந்த வேறுபாட்டை உங்கள் சொல் காட்டவில்லை.