ஸ்டேஜ் 1 செய்யப்பட்ட பழைய ஆக்டேவியா ஆர்எஸ் வாங்கலாமா?

கொங்குச்சாலை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். கோவையில் வசிக்கிறேன். இப்போதுள்ள போலோ ஜிடி டிஎஸ்ஐ காரைக் கொடுத்துவிட்டு, அதைவிட வேகமானதும், அதே சமயம் வீட்டுப் பெரியவர்கள் பின்னிருக்கையில் சிரமமின்றி அமர்ந்து வரக்கூடியதுமான ஒரு காரைப் பழையதாக வாங்க எண்ணியிருக்கிறேன். பல கார்களைப் பார்த்தபின் தேடல் ஸ்கோடா ஆக்டேவியாவில் வந்து நிற்கிறது. இரண்டு கார்கள் இறுதிப் பட்டியலில் உள்ளன.

முதலாவது, பெங்களூரில் உள்ள 2018ஆம் ஆண்டு ஆர்எஸ் 230 (ஆக்டேவியாவின் அதிவேக வகை). கர்நாடகப் பதிவெண், இரண்டாவது உரிமையாளர், ஏறத்தாழ 58,000 கி.மீ. ஓடியது. ஸ்டேஜ் 1 ரீமேப் (என்ஜினைக் கட்டுப்படுத்தும் மென்பொருளை மாற்றித் திறனைக் கூட்டும் முதல் கட்ட டியூன்) செய்திருப்பதையும், சைலன்சரின் பின்பகுதியை மாற்றியிருப்பதையும் உரிமையாளர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டார். இரண்டாவது, உள்ளூரிலேயே உள்ள 2017ஆம் ஆண்டு 1.8 டிஎஸ்ஐ. ஒரே உரிமையாளர், எந்த மாற்றமும் செய்யப்படவில்லை, விலையும் கணிசமாகக் குறைவு.

ரீமேப் செய்த காரைத் தொடவே கூடாது என்று என் மெக்கானிக் சொல்கிறார். 1.8 காரை வாங்கி, மிச்சமாகும் பணத்தில் அதை டியூன் செய்தால் ஆர்எஸ்ஸுக்கு அருகில் வந்துவிடலாம் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். இவற்றில் எது சரி? ஆர்.சி., இன்ஷூரன்ஸ் தொடர்பாகக் கவனிக்க வேண்டியவற்றையும் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.

வால்வுமூடி

உங்கள் மெக்கானிக்கின் அச்சம் புரிகிறது. ஆனால் உங்கள் நண்பரின் யோசனைதான் அதைவிட ஆபத்தானது. இரண்டு கார்களுக்கும் உள்ள உண்மையான வேறுபாடு என்ஜினில் இல்லை, கியர்பாக்ஸில் இருக்கிறது.

இந்தியாவில் விற்ற 1.8 டிஎஸ்ஐ ஆக்டேவியாவில் இருப்பது டிக்யூ200 எனப்படும் ஏழு கியர் டிஎஸ்ஜி (இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்). அதன் இரட்டைக் கிளட்சுகள் எண்ணெயில் மூழ்காத உலர் வகையைச் சேர்ந்தவை. அந்தக் கியர்பாக்ஸ் தாங்கும் என்று வகுக்கப்பட்ட முறுக்குவிசை (டார்க்) 250 நியூட்டன் மீட்டர். அந்த என்ஜின் கம்பெனியிலிருந்து வரும்போதே கொடுக்கும் முறுக்குவிசையும் அதே 250தான். அதாவது, உங்கள் நண்பர் சொல்லும் டியூனுக்கு அங்கே துளியும் இடமில்லை. டியூன் செய்தபின் சில மாதங்கள் கார் பறக்கும்; பிறகு அவினாசி சாலை நெரிசலில் முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாறும்போது உதறத் தொடங்கும். டிக்யூ200 மாற்றம் எதுவும் செய்யாமலேயே நகர நெரிசலில் கியர் மாற்றத்தைக் கட்டுப்படுத்தும் மெகட்ரானிக் யூனிட்டுக்கும் கிளட்சுக்கும் செலவு வைப்பதில் பெயர் பெற்றது. போலோ ஜிடியில் 1.2 என்ஜினுடன் வந்ததும் இதே கியர்பாக்ஸ்தான் என்பதால், உங்களுக்கு இதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையிருக்காது.

ஆர்எஸ் 230இல் இருப்பது டிக்யூ250. ஆறு கியர்கள், கிளட்சுகள் எண்ணெயில் இயங்குபவை. வெப்பத்தை எண்ணெய் கொண்டுபோய்விடுவதால் பாரத்தைப் பொறுத்துக்கொள்ளும். அந்த 2.0 என்ஜின் ஸ்டாக் நிலையில், அதாவது கம்பெனி கொடுத்தபடியே, 230 குதிரைத்திறனும் 350 நியூட்டன் மீட்டரும் தரும். நல்ல ஸ்டேஜ் 1 அதை 300 குதிரைத்திறனுக்கு அருகிலும் 400 நியூட்டன் மீட்டருக்கு மேலும் கொண்டுசெல்லும். என்ஜினுக்கு அது பெரிய சுமையன்று. ஆனால் என்ஜினை மட்டும் டியூன் செய்து, கியர்பாக்ஸின் கிளட்ச் அழுத்தத்தை உயர்த்தும் மென்பொருளை ஏற்றாமல் விட்டிருந்தால், உயர் கியரில் முழுமையாக ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது வேகம் ஏறாமல் ஆர்.பி.எம். முள் மட்டும் ஏறும். ஓட்டிப் பார்க்கும்போது நான்காவது, ஐந்தாவது கியரில் இதைச் சோதியுங்கள்.

டிக்யூ250க்கு 60,000 கி.மீ.க்கு ஒருமுறை எண்ணெயும் ஃபில்டரும் மாற்ற வேண்டும். நீங்கள் பார்த்த கார் 58,000இல் நிற்கிறது. அது மாற்றப்பட்டுவிட்டதா, அல்லது அந்தச் செலவு வருவதற்கு முன் கார் விற்கப்படுகிறதா என்பதைப் பில்லைப் பார்த்து உறுதி செய்யுங்கள்.

பழைய கார் சந்தையில் நான் அஞ்சுவது, டியூன் செய்ததாக ஒப்புக்கொள்ளும் காரைப் பார்த்து அன்று. இரண்டு ஆண்டுகள் ஸ்டேஜ் 2இல் (பாகங்களையும் மாற்றிச் செய்யும் அடுத்த கட்ட டியூன்) ஓட்டி, விற்பதற்கு முந்தைய வாரம் பழைய மென்பொருளை ஏற்றி, டர்போவை அடுத்த புகைக்குழாயான பழைய டவுன்பைப்பைத் திரும்ப மாட்டி, ‘முழுக்க ஸ்டாக், ஒரு டாக்டர் ஓட்டிய கார்’ என்று விளம்பரத்துக்கு வரும் காரைப் பார்த்துத்தான். (இந்த நாட்டில் எல்லாப் பழைய கார்களையும் டாக்டர்களே ஓட்டியிருக்கிறார்கள்.) யார் டியூன் செய்தார்கள், எந்த ஆண்டில், எந்த ஆக்டேன் (தர எண்) பெட்ரோலுக்கான டியூன் ஃபைல் என்பவற்றுக்குப் பில்லோடு பதில் சொல்லும் உரிமையாளர் எனக்கு மேலானவராகத் தெரிகிறார்.

பதிவெண்33

சட்டப் பக்கத்தை நான் சொல்கிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து வாகனம் மாறுபடும்படி எந்த மாற்றமும் செய்யக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டின் சட்டத் திருத்தம், அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று வைத்திருக்கிறது. எனவே வெளி மாநிலக் காரை இங்கு மறுபதிவுக்குக் கொண்டுபோகும்போது சைலன்சர் ஸ்டாக் நிலையில் இருப்பதே நல்லது. கழற்றிய அசல் பாகங்கள் விற்பவரிடம் இருந்தால், அவற்றையும் விலைக்குள் சேர்த்துப் பேசி வாங்கிக்கொள்ளுங்கள்.

பெங்களூர் ஆர்.டி.ஓ.விடமிருந்து படிவம் 28இல் என்.ஓ.சி. (தடையின்மைச் சான்று) பெறுவதை விற்பவரின் பொறுப்பாக்குங்கள். காரின் மீது கடன் இருந்திருந்தால் கடன் தீர்ந்ததைக் காட்டும் படிவம் 35உம் வங்கிக் கடிதமும் கையில் வந்தபிறகே முழுத் தொகையைக் கொடுங்கள். தமிழ்நாட்டில் ஆயுள் வரி புதிதாகக் கட்ட வேண்டும். கர்நாடகத்தில் கட்டிய வரியில் மீதிக் காலத்துக்கானதைத் திரும்பப் பெற விண்ணப்பிக்கலாம் என்றாலும், அது எப்போது கைக்கு வரும் என்று எண்ணிக் கணக்குப் போடாதீர்கள்.

இன்ஷூரன்ஸைப் பொறுத்தவரை, உரிமை மாறிய 14 நாள்களுக்குள் பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். நோ க்ளெய்ம் போனஸ் விற்பவருக்கு உரியது, காரோடு வராது. மாற்றங்களைத் தெரிவிக்காமல் பாலிசி எடுத்தால், விபத்துக்குப் பின் க்ளெய்மை மறுப்பதற்கு நீங்களே காரணம் எழுதிக் கொடுத்ததாகிவிடும்.

செட்டிபாளையம்வளைவு

வால்வுமூடி ஐயா சொன்னதில் பெரும்பகுதி எனக்கு உடன்பாடு. ஆனால், பெரியவர்களை ஏற்றிக்கொண்டு செல்வதற்கு 230 குதிரைத்திறன் போதாதா என்ற கேள்வியை யாரும் கேட்கவில்லை. முன்சக்கர இயக்கம் கொண்ட அந்தக் காரில் 400 நியூட்டன் மீட்டரைத் திறந்துவிட்டால், ஈரச் சாலையில் இரண்டாவது கியரில்கூட டயர் சுழலும். நம் ஊர்ப் பந்தயத் தடமான காரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓட்டுவதற்கு அது வேண்டியிருக்கலாம்; ஊட்டிக்குப் போய் வர வேண்டியதில்லை.

பெட்ரோலையும் கவனியுங்கள். 95 ஆக்டேனுக்கு எழுதப்பட்ட ஃபைல் உள்ள காரில் அதைவிடக் குறைந்த ஆக்டேன் பெட்ரோலை நிரப்பினால், எரிபொருள் நேரந்தவறி வெடிக்கும் ‘நாக்’கைத் தவிர்க்க, என்ஜின் இக்னிஷனைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே இருக்கும். காரை வாங்கி, ஸ்டாக் மென்பொருளுக்குத் திரும்பி ஆறு மாதம் ஓட்டிப் பாருங்கள் என்பதே என் கருத்து. 2020இல் இந்தியாவுக்கு 200 மட்டுமே வந்த ஆர்எஸ் 245 பக்கம் மனத்தைத் திருப்ப வேண்டாம். அபூர்வம் என்பதற்காகவே அதற்கு விலை ஏற்றிக் கேட்கிறார்கள்.

கொங்குச்சாலை

மூவருக்கும் நன்றி. 1.8ஐ விட்டுவிட்டேன். பெங்களூர் உரிமையாளரிடம் பேசினேன். டியூன் செய்த பில் இருக்கிறது, கியர்பாக்ஸ் எண்ணெய் இன்னும் மாற்றப்படவில்லை என்று சொன்னார். ஸ்டாக் மென்பொருளுக்குத் திரும்புவதாகவே முடிவு செய்திருக்கிறேன். நேரில் பார்க்கும்போது முதலில் எதைக் கவனிக்க வேண்டும்?

வால்வுமூடி

காலையில், என்ஜின் குளிர்ந்திருக்கும்போது போங்கள். நீங்கள் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு, போனவுடன் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள் என்று கொள்ளலாம். ஸ்டார்ட் செய்த முதல் சில விநாடிகளில் டைமிங் செயின் பக்கம் கலகலவென்ற ஓசை வரக்கூடாது. இன்டேக் மேனிஃபோல்டுக்குக் கீழே, தண்ணீர் பம்பும் தெர்மோஸ்டாட்டும் ஒன்றாக அமைந்த பிளாஸ்டிக் கூடு இருக்கிறது. இந்த என்ஜினில் கூலண்ட் கசியும் வழக்கமான இடம் அதுதான். டார்ச் அடித்துப் பார்த்தால் காய்ந்த இளஞ்சிவப்புப் படிவு தெரியும். தெரிந்தால் காரை விட்டுவிட வேண்டியதில்லை. பம்ப் மாற்றும் செலவையும் கியர்பாக்ஸ் எண்ணெய்ச் செலவையும் விலையில் கழித்துக் கேளுங்கள்.

பிறகு விசிடிஎஸ் (ஸ்கோடா, ஃபோக்ஸ்வாகன் கார்களின் பிழைகளைப் படிக்கும் ஸ்கேன் கருவி) வைத்திருக்கும் ஒரு ஒர்க்‌ஷாப்பில் முழு ஸ்கேன் எடுத்து, மிஸ்ஃபயர் (சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியாமல் போவது) எண்ணிக்கையையும் பதிவான பிழைகளையும் பாருங்கள். பிழைப் பட்டியல் முற்றிலும் காலியாக இருந்து, அவை அன்றுதான் அழிக்கப்பட்டன என்று ஐயம் எழுந்தால், நூறு கிலோமீட்டராவது ஓட்டியபின் மறுபடி ஸ்கேன் எடுக்கும்வரை டோக்கன் தொகை கொடுக்க வேண்டாம்.