தரநிலையை மீறும் யுஎஸ்பி கருவி: திருத்தம் பஸ் டிரைவரிலா, கருவியின் டிரைவரிலா?

கேள்வி:
வணக்கம். வெப்பநிலையைப் பதிவுசெய்யும் பழைய யுஎஸ்பி கருவி ஒன்றுக்கு லினக்ஸில் டிரைவர் (கருவியை இயக்கும் மென்பொருள்) எழுதி வருகிறேன். செருகியதும், கருவியின் பெயரைத் தாங்கிய ஸ்ட்ரிங் டிஸ்கிரிப்டரை (கருவி தன்னைப் பற்றித் தரும் எழுத்துத் தகவலை) லினக்ஸின் மையமான கெர்னல் 255 பைட் அளவில் கேட்கிறது. அந்த இடத்திலேயே கருவி உறைந்துவிடுகிறது. என் டிரைவரின் புரோப் செயற்கூற்றில் (கருவிக்கு உரிய டிரைவர் எனக் கண்டதும் கெர்னல் அழைக்கும் பகுதியில்) காத்திருப்பு நேரத்தைக் கூட்டியும் பயனில்லை. இதை எங்கே சரிசெய்வது முறை?

மறுமொழி 1:
உங்கள் புரோப் அழைக்கப்படவே இல்லை. கருவிக்கு முகவரி கொடுத்து, டிஸ்கிரிப்டர்களைப் படித்து முடித்த பின்னரே பஸ் டிரைவர் (கருவிகள் இணையும் யுஎஸ்பி தடத்தை நிர்வகிக்கும் மென்பொருள்) உரிய டிரைவரைத் தேடுகிறது என்பதால், அதற்கு முன் நேரும் பிழை உங்கள் கைக்கு எட்டாது. (பேருந்து ஓட்டுநரைச் சொல்லவில்லை, லினக்ஸில் அந்த வேலையைச் செய்வது யுஎஸ்பி கோர்.) இத்தகைய கருவிகளுக்கென்றே கோரில் குவர்க் அட்டவணை (எந்தக் கருவியை எப்படி விதிவிலக்காக நடத்த வேண்டும் என்ற பட்டியல்) உள்ளது. யுஎஸ்பிகோரின் குவர்க்ஸ் (usbcore.quirks) அளவுருவில் விற்பனையாளர் எண், பொருள் எண், பின் ஆங்கிலச் சிற்றெழுத்து 'ஏ' (a) என எழுதினால், கெர்னல் முதலில் 2 பைட் மட்டும் படித்து, நீளத்தை அறிந்து, அந்த அளவையே கேட்கும். கெர்னலை மீண்டும் கம்பைல் செய்யத் தேவையில்லை.

மறுமொழி 2:
அப்படியானால் எல்லாக் கருவிகளிடமும் 2 பைட்டையே முதலில் கேட்டுவிடலாமே, அட்டவணை எதற்கு?

மறுமொழி 1:
எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான வழியை மாற்றினால், இப்போது இயங்கும் சில கருவிகள் நின்றுபோகலாம். பல கருவிகள் விண்டோஸில் இயங்குகின்றனவா என்று மட்டும் பார்த்து விற்பனைக்கு வந்தவை. முகவரி தரும் வரிசையையே பாருங்கள்: விண்டோஸ் முதலில் டிவைஸ் டிஸ்கிரிப்டரை (கருவியின் அடிப்படை விவரத்தை) 64 பைட் அளவில் கேட்டு, கருவியை ரீசெட் செய்த பின்னரே முகவரி தருகிறது. லினக்ஸின் பழைய வழியோ முகவரியை முதலில் தருவது. தரநிலைப்படி இரண்டும் சரிதான், ஆனால் சில கருவிகளுக்கு விண்டோஸின் வழி மட்டுமே தெரியும். ஹை ஸ்பீட் (யுஎஸ்பி 2.0இன் உயர்வேக) கருவிகளுக்குப் பழைய வழியை முதலில் முயலும்படி ஒருமுறை மாற்றிவிட்டு, 2020இல் கெர்னல் உருவாக்குநர்கள் அதைத் திரும்பப் பெற்றார்கள். இயல்பு நடத்தையில் கை வைப்பதற்கு நான் தயங்குவது இதனால்தான்.

மறுமொழி 3:
ஓர் எச்சரிக்கை. மலிவான தயாரிப்பாளர்கள் சில்லு நிறுவனத்தின் விற்பனையாளர் எண், பொருள் எண் ஆகியவற்றையே மாற்றாமல் விட்டுவிடுவதுண்டு. அப்போது உங்கள் குவர்க், அதே எண்களைக் கொண்ட குறையற்ற கருவியின்மீதும் பாயும். அட்டவணையில் நிரந்தரமாகச் சேர்க்கும் முன் இதைச் சரிபாருங்கள்.

கேட்டவர்:
'ஏ' சேர்த்ததும் புரோப் அழைக்கப்பட்டது, நன்றி. கணினி உறக்கத்திலிருந்து மீளும்போது மட்டும் கருவி இன்னும் தொலைந்துபோகிறது. மீளும்போது ரீசெட் செய்யச் சொல்லும் 'பி'யையும் (b) சேர்த்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.