விண்மீன் ‘நீளல்’: ‘சுழல்தடம்’ என்ற முன்மொழிவுக்கு ஒரு மறுமொழி

அன்பர்களுக்கு வணக்கம்.

நம் சொற்பட்டியல் இழையில், இரவு வானத்தைப் படமெடுக்கையில் விண்மீன்கள் புள்ளியாக நில்லாமல் கோடாகப் பதிவதைக் குறிக்க, ஈப்போ ஐயா அவர்கள் ‘சுழல்தடம்’ என்ற சொல்லை முன்வைத்திருந்தார்கள். கூலிம் ஆசிரியை அக்கா அதைச் சுருக்கி ‘வான்சுழி’ என்றார்கள். இரண்டும் காதுக்கு இனிய சொற்களே. ஆயினும் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் முக்காலியை நட்டுவைத்துப் பல இரவுகள் வானம் பார்த்தவன் என்ற முறையில், இவ்விரண்டையும் ஏற்க எனக்குத் தயக்கம் இருக்கிறது.

முதல் தயக்கம் ‘சுழல்’ என்பதைப் பற்றியது. துருவ விண்மீனை நடுவில் வைத்து வட்டம் வட்டமாகக் கோடுகள் சுற்றும் படங்களைப் பார்த்தே அச்சொல் பிறந்திருக்க வேண்டும். அவை துருவ விண்மீன் வானில் உயர்ந்து நிற்கும் நாடுகளில் எடுத்தவை. ஓர் ஊரின் அட்சரேகை எத்தனை பாகையோ, ஏறக்குறைய அத்தனை பாகை உயரத்தில்தான் அவ்வூரில் அந்த விண்மீன் தெரியும். எங்கள் ஊர் வடக்கே 5 பாகைக்கும் சற்றுக் குறைவான இடத்தில் இருப்பதால், அது அடிவானத்தை ஒட்டிச் செம்பனை மட்டைகளுக்குப் பின்னால் மறைந்தே கிடக்கிறது; நான் ஒருமுறைகூடத் தெளிவாகப் பார்த்ததில்லை. மாறாக, வான நடுவரை (பூமியின் நடுவரைக்கு நேர்மேலே வானில் செல்வதாகக் கொள்ளும் கோடு) எங்கள் உச்சந்தலைக்கு மேலாகவே செல்கிறது. கிழக்கே தித்திவாங்சா மலைத்தொடரை நோக்கி அகல்கோண லென்ஸை வைத்து ஒரு மணி நேரம் படமெடுத்தால், நடுவில் உள்ள விண்மீன்கள் ஏணி சாத்தியதுபோல் ஏறக்குறைய நேராக மேலேறுகின்றன. இடப்பக்கத்தவை வடக்கு நோக்கியும் வலப்பக்கத்தவை தெற்கு நோக்கியும் வளைகின்றன. அந்தப் படத்தில் சுழி எங்கே இருக்கிறது? மலேசியாவில் ஒரு மாணவர் தாம் எடுத்த படத்தில் காணாத ஒன்றைச் சொல்லில் மட்டும் படிக்க நேர்வது முறையாகாது.

இரண்டாவது தயக்கம் இதைவிட முக்கியமானது. நாம் ஒரே சொல்லால் குறிக்க முயல்பவை இரண்டு வெவ்வேறு பொருள்கள். விண்மீன்களின் பயணத்தைக் காட்டவேண்டும் என்று கருதி, 30 விநாடிப் படங்கள் 120-ஐ அடுத்தடுத்து எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி உருவாக்குவது ஒன்று. புள்ளியாக வரவேண்டிய விண்மீன், ஷட்டர் திறந்திருந்த நேரம் சற்றுக் கூடியதால் நம் விருப்பத்துக்கு மாறாகச் சிறு கோடாகிவிடுவது மற்றொன்று. முன்னது கலை, பின்னது பிழை.

இந்தப் பிழைக்குத் தமிழில் பெயரில்லாத குறையை நான் உணர்ந்தது ஒரு சிறுமியால். எங்கள் வட்டாரத் தமிழ்ப்பள்ளி ஒன்றின் அறிவியல் கண்காட்சிக்காக, திருவாதிரையும் அதன் கீழே வரிசையாக நிற்கும் மூன்று விண்மீன்களும் அடங்கிய படமொன்றை நான்கடி அகலத்தில் அச்சிட்டுக் கொடுத்திருந்தேன். பழைய லயன் வீடுகளுக்குப் பின்னால் இருக்கும் திடலில், மிரர்லெஸ் கேமராவில் 20 மில்லிமீட்டர் லென்ஸைப் பொருத்தி, 30 விநாடி திறந்துவைத்து எடுத்த படம் அது. கேமராவின் சிறு திரையில் எல்லாம் புள்ளியாகத்தான் தெரிந்தன. அச்சிட்ட படத்தில் மூக்கு உரசும் அளவுக்கு நெருங்கி நின்ற அச்சிறுமி, “சார், நட்சத்திரம் ஏன் சீரகம் மாதிரி இருக்கு?” என்று கேட்டாள். அவள் சொன்னது சரிதான். மூன்றும் ஒரே பக்கம் சாய்த்து வைத்த மூன்று சீரகங்களாகவே இருந்தன. காரணத்தை விளக்கினேன். ஆனால் “இதற்குப் பெயர் என்ன சார்?” என்ற அவளுடைய அடுத்த கேள்விக்குத் தமிழில் விடை சொல்ல முடியவில்லை.

அதன் கணக்கை இங்கே தருவது சொல்லைத் தேர்வதற்கும் உதவும். பூமி ஒருமுறை தன்னைச் சுற்ற 23 மணி 56 நிமிடம் ஆவதால், வான நடுவரையை ஒட்டிய விண்மீன் விநாடிக்கு 15 பாகைவிநாடி (ஒரு பாகையில் 3,600-இல் ஒரு பங்கு ஒரு பாகைவிநாடி) நகர்கிறது. 30 விநாடியில் அது 450 பாகைவிநாடி. 20 மில்லிமீட்டர் லென்ஸ் அதைக் கேமராவுக்குள் படத்தைப் பதிக்கும் உணரியின்மேல் ஏறத்தாழ 0.044 மில்லிமீட்டர் நீளமாக வரைகிறது. 36 மில்லிமீட்டர் அகலமுள்ள முழுச்சட்ட உணரியில் அகலவாக்கில் 6,000 படப்புள்ளிகள் இருந்தால், ஒரு விண்மீன் ஏழு புள்ளிகளுக்கு மேல் ஊர்ந்திருக்கும். நடுவரையிலிருந்து 60 பாகை வடக்கே தள்ளியுள்ள விண்மீனுக்கு இதில் பாதியே ஆகும். துருவ விண்மீனுக்கு ஒரு புள்ளிகூட ஆகாது. ஆகவே, 500-ஐ லென்ஸின் குவியத்தூரத்தால் (லென்ஸின்மேல் மில்லிமீட்டரில் குறித்திருக்கும் எண்) வகுத்து விநாடியைக் கண்டுகொள்ளும் பழைய விதியை (20 மில்லிமீட்டருக்கு 25 விநாடி) அப்படியே நம்பினால், வடக்கே இருப்பவரைவிடத் தலைக்குமேல் படமெடுக்கும் நாம்தான் அதிகம் ஏமாறுவோம். நான் இப்போது 12 விநாடியைத் தாண்டுவதில்லை.

இனிச் சொல்லுக்கு வருகிறேன். தமிழில் நீள், நீட்டு என்ற இரண்டு வினைகள் உள்ளன. உருள், உருட்டு என்பவற்றைப்போல, முன்னது தானே நிகழ்வது, பின்னது ஒருவர் செய்வது. யாரும் நீட்டாமல் விண்மீன் தானே நீண்டுவிடுவதுதான் இங்கே நிகழ்கிறது. எனவே இப்பிழையை ‘விண்மீன் நீளல்’ என்றும், பேச்சிடையே ‘நீளல்’ என்று மட்டும் குறிக்கலாம் என்றும் முன்மொழிகிறேன். ‘நீட்டல்’ இலக்கணத்திலும் அளவையிலும் வழங்குகிறது; ‘நீட்சி’ இழுத்த கம்பிக்கும் சுருள்வில்லுக்கும் உரியதாகப் பாடநூல்களில் நிலைத்துவிட்டது. ‘நீளல்’ எந்தத் துறையின் கையிலும் சிக்காமல் நமக்காகக் காத்திருக்கிறது. வினையாகவும் அது தடையின்றி வருகிறது: “20 விநாடி வைத்தேன், மூலையில் எல்லாம் நீண்டுவிட்டது”, “நீளாமல் எடுக்க எத்தனை விநாடி?” இவ்வாறு வினையாக வளையாத கலைச்சொல்லைத் திடலில் நிற்கும் எவரும் பயன்படுத்தமாட்டார் என்பது என் உறுதியான எண்ணம்.

வேண்டி எடுக்கும் படத்துக்கு ‘விண்மீன் தடம்’ என்பதே போதும். ஐயா அவர்களின் சொல்லிலிருந்து ‘சுழல்’ நீங்கித் ‘தடம்’ நிலைக்கட்டும். தோட்டத்து மண்சாலையில் டிராக்டர் போன பிறகு கிடப்பது தடம். அது நேராகவும் இருக்கும், வளைந்தும் இருக்கும்.

இதே பொருளுக்குக் கோலாலம்பூர்த் தம்பி ‘இழுவை’ என்று எழுதியிருந்தார். பேச்சில் நானும் “இழுத்துவிட்டது” என்று சொல்வதுண்டு. ஆனால் காற்றோ கையோ முக்காலியை அசைத்துவிட்டால் எல்லா விண்மீனும் ஒரேபோல் கிறுக்கலாகப் பதியுமே, அதற்குத்தான் அச்சொல் பொருந்தும் என்று கருதுகிறேன். மேலும், இயற்பியலார் ‘இழுவை’யை வேறு பொருளில் ஆண்டுவருகின்றனர்.

நீளலோடு குழப்பிக்கொள்ளக்கூடிய வேறொரு குறையையும் விளக்கத்தில் பிரித்துக் காட்ட வேண்டும். அகல்கோண லென்ஸின் துளையை எஃப் 1.8 அளவுக்கு முழுக்கத் திறந்து எடுத்தால், ஓரத்து விண்மீன்கள் சிறகு விரித்த பூச்சிபோல் சிதைகின்றன. அந்தச் சிதைவு படத்தின் நடுவை மையமாகக் கொண்டு நாற்புறமும் திசை மாறும், எஃப் 2.8-க்குச் சுருக்கினால் குறையும். நீளலோ நடுவிலும் இருக்கும், அருகருகே உள்ள விண்மீன்களில் ஒரே திசையில் இருக்கும், துளையைச் சுருக்கினாலும் போகாது. நேரத்தைக் குறைத்தால்தான் போகும். லென்ஸ் பழுது என்று கருதி நான் ஒரு நல்ல லென்ஸைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுக்கப் போனதும், உண்மையில் அது நீளல் என்று பிறகு தெரிந்ததும், இந்தச் சொற்கள் தெளிவாக இல்லாததன் விளைவே. அந்தச் சிதைவுக்குத் தனிச்சொல் தேவை. அதை வேறோர் இழையில் பேசலாம்.

புணர்ச்சி பற்றி அக்கா கேட்கக்கூடும். சேர்த்து எழுதினால் ‘விண்மீனீளல்’ என்றாகிப் படிப்போரைத் தடுக்கும், பிரித்தே எழுதுவோம். சொற்பட்டியலுக்கு என் வரைவு: “நீளல்: பூமியின் சுழற்சியால், நிலையாக நிறுத்திய கேமராவில் விண்மீன் புள்ளியாகப் பதியாமல் சிறு கோடாகப் பதிதல், ஷட்டர் நேரமும் குவியத்தூரமும் கூடும்போது இதுவும் மிகும், வான நடுவரையை ஒட்டி மிகுதி.” இதில் ‘குவியத்தூரம்’ என்பதற்குப் பதிலாகக் ‘குவியத்தொலைவு’ என்று இடலாமா என்பதை ஐயா அவர்களே முடிவு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.