"யார் வீட்டுக்கு வந்திருக்கிறீர்கள்?"

நெடும்பயணத்தில் நினைக்காத ஊரில் நிற்க நேர்ந்து, அது பிடித்தும் போன கதை உங்களிடம் இருந்தால் சொல்லுங்கள். என்னுடையதை முதலில் வைக்கிறேன்.

நான்கு மணி நேரமாக நெடுஞ்சாலையில் ஓட்டிக்கொண்டிருந்தேன். டயரில் காற்று குறைகிறது என்று டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரியவும், அடுத்து வந்த ஊருக்குள் வண்டியை இறக்கினேன். 100 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு 28 மீட்டர் போகிறது. கண் அதற்குப் பழகிவிட்டால் 50 கூட ஊர்வது போலத்தான் இருக்கும். மீட்டரைப் பார்த்துப் பார்த்துத்தான் குறைத்தேன்.

பஞ்சர் ஒட்டுபவர் டயரைச் சுற்றிச் சோப்புத் தண்ணீர் தெளித்தார். ஓரிடத்தில் மட்டும் நுரை கொப்புளித்தது. ஆணி. "பிடுங்காமல் வந்தீர்களே, நல்லது" என்றார். டியூப்லெஸ் டயரில் தைத்த ஆணியே அடைப்பாக நின்று, காற்றை மெதுவாகத்தான் வெளியே விடுமாம். ஆணி இருப்பதே எனக்குத் தெரியாது. பாராட்டை மறுக்காமல் வாங்கிக்கொண்டேன்.

ஒட்டுவது பத்து நிமிட வேலை. ஆனால் எனக்கு முன்னால் ஒரு டிராக்டர் சக்கரம் காத்திருந்தது. சரி என்று நடக்க ஆரம்பித்தேன். திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியவர், "யார் வீட்டுக்குத் தம்பி?" என்றார். யார் வீட்டுக்கும் இல்லை, பஞ்சர் என்றேன். அந்தப் பதில் அவருக்குப் போதவில்லை போலும். செருப்பை மாட்டிக்கொண்டு என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

பழைய ஆற்றுப் பாலத்துக்குப் போனோம். புறவழிச்சாலை வருவதற்கு முன் எல்லா வண்டியும் இதன் மேல்தான் போகுமாம். "இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போக அரை மணி ஆகும்" என்று பெருமையாகச் சொன்னார். இப்போது நடுப்பாலத்தில் ஒரு சிறுமி சைக்கிள் பழகிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு முறை அவள் விழும்போதும் பெரியவர் எண்ணினார். ஏழில் நான் கிளம்பினேன்.

*

இன்னொருவர் சொன்னது: எனக்குப் பஞ்சர் இல்லை, தூக்கம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை கால் மணியாவது நிறுத்த வேண்டும் என்பதைத் தாண்டி ஓட்டிவிட்டேன். ஒரு ஊரில் நூலகத்தைப் பார்த்து, மரநிழலில் நிறுத்தி இருபது நிமிடம் கண்ணை மூடினேன். எழுந்து முகம் கழுவ உள்ளே போனேன். நூலகர் என்ன வேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை, மின்விசிறியை மட்டும் என் பக்கம் திருப்பி வைத்தார். இவ்வளவுதான் கதை. ஆனால் அந்தக் காற்று இன்னும் நினைவில் இருக்கிறது.

*

மூன்றாமவர் சொன்னது: நான் கொஞ்சம் அசடு வழிந்த கதை. இதே மாதிரி ஒரு ஊரில் தற்செயலாக நின்றது அவ்வளவு பிடித்துப்போய், அடுத்த வருடம் குடும்பத்தையே அங்கே கூட்டிப் போனேன். போன முறை ரயில் பார்த்த கேட் திறந்தே கிடந்தது. அரை மணி நின்றும் ஒரு ரயிலும் வரவில்லை. "இதுக்காகவா?" என்றாள் மனைவி. அப்புறம் திரும்பும் வழியில் பையனுக்கு வாந்தி. ஏதோ ஒரு ஊர் முனையில் அவசரமாக நிறுத்தினோம். வாய் கொப்பளித்துவிட்டு நிமிர்ந்தவன் தண்ணீர்த் தொட்டியின் மேல் வரிசையாகக் கிளிகள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டான். வண்டியில் ஏற்ற முக்கால் மணி நேரம் பிடித்தது.