20 வருச மல்லிகைத் தூரைப் பிரிச்சு நட்டவங்க யாராவது இருக்கீங்களா?

வணக்கம். அம்மா வீட்டுக் கொல்லையில ஒரு பழைய குண்டுமல்லி நிக்குது. தங்கச்சிமடத்து நாத்து வாங்கி அப்பா வச்சது. அந்த இடத்துல செப்டிக் டேங்க் வரப்போகுது. தையில வேலை ஆரம்பம்.

தரையில படர்ந்த ரெண்டு கிளை கணுவுல தானாவே வேர் விட்டிருக்கு. அதை வெட்டி எடுத்தா பிழைச்சிடும், அதுல கவலையில்ல. சிக்கல் தூர்தான். ஏழெட்டுத் தண்டு, அடியில மணிக்கட்டுத் தண்டி. கடப்பாரை போட்டு ரெண்டா பிளந்து, ரெண்டு பக்கமும் வேர் இருக்கிற மாதிரி நட்டா வருமா? வாழைக்கட்டை மாதிரி நினைச்சுக் கைவைக்கப் பயமா இருக்கு. எங்களுது செம்மண் வேற, தோண்டினா பொலபொலன்னு உதிர்ந்து வேர் வெறுசா நிக்கும். ஈரச்சாக்கு சுத்தினா போதுமா?

கார்த்திகைக் கடைசியில ஒன்றரை அடி விட்டுக் கவாத்து பண்ணுவோம். அப்பவே தோண்டிடலாமா, இல்ல தளிர் வந்தப்புறமா?

போன சித்திரையில 15 குச்சி வச்சேன், அத்தனையும் கருகிடுச்சு. வெயில்தான் காரணமா, இளங்குச்சியா ஒடிச்சுட்டேனா தெரியல. பக்கத்துச் செம்பருத்தி பாவம், எப்படி ஒடிச்சு வச்சாலும் வந்துடுது.

இப்போ மழை ஈரம் இருக்கிறதால, காப்புக்கு நாலு கிளையை வளைச்சுப் பதியம் போட்டு மேல கல்லு வச்சிருக்கேன். தைக்குள்ள வேர் பிடிச்சிடுமா?

நர்சரியில புதுசு வாங்கிக்கோன்னு மட்டும் சொல்லாதீங்க. அம்மாகிட்ட அதைச் சொல்லி ஏற்கெனவே வாங்கிக் கட்டிக்கிட்டேன்.