வராத ஐபோனுக்கு இப்போதே கவர் வாங்கி வைக்கலாமா?

டி.எச். ரோட்டுக் கடை:

வணக்கம். தண்டையார்பேட்டை டி.எச். ரோட்டில் அப்பா தொடங்கிய சின்னக் கடையை இப்போது நான் பார்த்துக்கொள்கிறேன். கவர், டெம்பர் கிளாஸ், சார்ஜர், இயர்போன், ரீசார்ஜ், இவ்வளவுதான். போன் விற்பதில்லை.

பாரிமுனையில் நாங்கள் வழக்கமாகச் சரக்கு எடுக்கும் மொத்த வியாபாரி நேற்று ஒரு கவரைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். மடிக்கும் ஐபோனுக்கானது என்றார். இரண்டு துண்டுகள், நடுவில் கீலை மறைக்க ஒரு பட்டை. அப்படி ஒரு போன் வரும் என்று ஆப்பிள் நிறுவனம் இன்னும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் இவர் கையில் அதற்குக் கவர் இருக்கிறது, அந்தக் கவருக்குள் கச்சிதமாக உட்காரும் டம்மி போனும் இருக்கிறது. பெட்டியாக எடுத்தால் பாதி விலை. பணம் முழுவதும் முன்கூட்டியே தர வேண்டும், ரிட்டர்ன் கிடையாது. "போன் வெளியாகும் அன்று வடசென்னையில் உன் கடையில் மட்டும்தான் கவர் தொங்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இரவு வெகுநேரம் காணொளிகளைப் பார்த்தேன். செப்டம்பரில் வருகிறது என்கிறார் ஒருவர். கீலில் சிக்கல், தள்ளிப்போகும் என்கிறார் இன்னொருவர். ஆப்பிளை மடக்க சாம்சங் தன் மடிக்கும் போனின் விலையைக் குறைக்கப்போகிறது என்று மூன்றாமவர். நீள அகலம் ஒவ்வொருவர் சொல்வதிலும் வேறுபடுகிறது. அப்பா, "பிறக்காத பிள்ளைக்குச் சட்டையா?" என்று கேட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். தம்பியோ, முந்திக்கொண்டால்தான் லாபம் என்கிறான்.

எனக்கு இது பொழுதுபோக்குச் செய்தி அல்ல. ஜூனில் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கு ஒதுக்கியிருக்கும் பணத்திலிருந்துதான் இதற்கு எடுக்க வேண்டும். இந்தப் பெரிய நிறுவனங்களைப் பற்றி வரும் வதந்திகளில் எதை நம்பிப் பணம் போடலாம், எதை நம்பக் கூடாது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கொடுங்கையூர் வாசகன்:

அக்கா, கசிந்து வரும் செய்திகள் எல்லாம் பொய் என்று ஒதுக்கிவிடாதீர்கள். ஐபோன் 17 ப்ரோவின் முதுகில் கேமரா மேடை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை நீளும் என்று மாதக்கணக்கில் முன்பே படங்கள் வந்தன. 2025 செப்டம்பர் 9 அன்று அப்படியேதான் வந்தது. சாம்சங் 2019 முதல் மடிக்கும் போன் விற்கிறது. கூகுள் 2023-ல் பிக்சல் ஃபோல்டைக் கொண்டுவந்தது. ஹுவாவே 2024-ல் மூன்றாக மடியும் போனையே விற்றது. ஆப்பிள் மட்டும் எத்தனை காலம் வெளியே நிற்கும்? துணிந்து எடுங்கள்.

கல்மண்டபம் பழுதுபார்ப்பவர்:

தங்கச்சி, பெட்டியாக எடுக்காதீர்கள். ராயபுரம் கல்மண்டபத்தில் நீண்ட காலமாகப் போன் பழுதுபார்க்கிறேன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன். கொடுங்கையூர்த் தம்பி சொன்ன 17 ப்ரோ விவரம் சரிதான். ஆனால் பலித்தது மட்டும் நம் நினைவில் தங்குகிறது. பலிக்காததைக் கவர்க்காரர்கள் மறக்கக் கூடாது.

2011-ல் நடந்ததைக் கேளுங்கள். அடுத்த ஐபோன் அகலமாகவும், ஒரு முனை மெலிந்தும், முற்றிலும் புதிய உடலோடு வரும் என்று உலகமே பேசியது. அதை நம்பிக் கவர் செய்து கடைக்கு அனுப்பியவர்கள் உண்டு. அக்டோபர் 4 அன்று ஆப்பிள் அறிவித்தது ஐபோன் 4எஸ். உடல் ஏறக்குறைய பழைய ஐபோன் 4-இன் உடலேதான். அந்தக் கவர்களுக்குப் பொருந்தும் போன் பிறக்கவே இல்லை.

2021-ல் ஆப்பிள் வாட்ச் 7. ஓரங்கள் தட்டையாக வரும் என்று வரைபடங்களே கசிந்தன. வாட்ச் வந்தபோது ஓரம் வளைந்துதான் இருந்தது. ஆகவே அந்த வியாபாரி காட்டிய டம்மியைப் பார்த்து மயங்க வேண்டாம். டம்மியையும் கவரையும் ஒரே வரைபடத்தை வைத்துத்தான் செய்கிறார்கள். ஒன்று மற்றொன்றுக்குள் கச்சிதமாக உட்காராமல் எங்கே போகும்? இரண்டும் ஒரே வதந்தி பெற்ற இரட்டைப் பிள்ளைகள். ஒன்றுக்கு மற்றொன்று சாட்சி ஆகாது.

பொருளே வெளியே வந்துவிட்ட கசிவு வேறு வகை. 2010 மார்ச்சில் ஐபோன் 4-இன் சோதனை மாதிரி கலிஃபோர்னியாவில் ரெட்வுட் சிட்டி என்ற ஊரின் மதுக்கடை ஒன்றில் தவறவிடப்பட்டது. கிஸ்மோடோ இணையதளம் 5,000 டாலர் கொடுத்து வாங்கிப் பிரித்தே காட்டியது. ஜூனில் வந்த போன் அதேதான். சில சமயம் நிறுவனமே முந்திக்கொள்கிறது. 2021-ல் பிக்சல் 6-ஐ அக்டோபரில் வெளியிட்ட கூகுள், ஆகஸ்டிலேயே அதன் தோற்றத்தைத் தானே காட்டிவிட்டது. உங்கள் வியாபாரியிடம் இருப்பது இந்த இரண்டில் ஒன்றா? இல்லை.

இதைவிடக் கொடியது சாம்சங்கின் நோட் 7 போன் கதை. அது வதந்தியே அல்ல. 2016 ஆகஸ்டில் சாம்சங் முறையாக அறிவித்தது. ஆப்பிள் செப்டம்பரில் வருவதற்கு முன்பே களத்தில் இறங்கிவிட்டது. இந்தியாவுக்கு விலையும் சொன்னார்கள், ரூ.59,900. வெளிநாடுகளில் பேட்டரி தீப்பிடிக்கத் தொடங்கியது. செப்டம்பர் 2 அன்று உலகம் முழுவதும் திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். அக்டோபர் 11 அன்று அந்தப் போனையே கைவிட்டார்கள். நம் நாட்டுக் கடைகளுக்கு அது வந்து சேரவே இல்லை. மேடையில் நின்று அறிவித்த போனுக்கே இந்த நிலைமை என்றால், அறிவிக்காத போனுக்குப் பள்ளிக் கட்டணத்தைத் தூக்கிக் கொடுப்பது நியாயமா?

இனி, எதை நம்பலாம் என்ற உங்கள் கேள்வி. செய்தி எந்த இடத்திலிருந்து புறப்பட்டிருக்க முடியும் என்று பாருங்கள். இந்த நிறுவனங்கள் மேடையில் மோதிக்கொள்கின்றன. கிடங்கில் ஒன்றிடமிருந்து ஒன்று வாங்குகின்றன. 2007-ல் வந்த முதல் ஐபோனின் சிப்பைச் செய்து கொடுத்தது சாம்சங். 2011-ல் அதே சாம்சங் மீது, தன் வடிவமைப்பைத் திருடியதாக ஆப்பிள் வழக்குப் போட்டது. 2012 ஆகஸ்டில் நூறு கோடி டாலருக்கு மேல் இழப்பீடு தர வேண்டும் என்று ஜூரிகள் தீர்ப்பளித்தார்கள். மேல்முறையீடு, உச்ச நீதிமன்றம் என்று இழுத்து 2018-ல்தான் சமரசம் ஆனது. வழக்கு நடந்த ஆண்டுகளிலும் சாம்சங்கிடம் சிப் வாங்குவது நிற்கவில்லை. 2017-ல் வந்த ஐபோன் எக்ஸின் ஓஎல்இடி திரை சாம்சங் கொடுத்ததுதான். கூகுள் தன் தேடலை ஐபோனில் முதன்மையாக வைத்திருப்பதற்காக 2022-ல் மட்டும் 2,000 கோடி டாலர் ஆப்பிளுக்குக் கொடுத்ததாக அமெரிக்க நீதிமன்ற ஆவணங்களில் வெளிவந்தது.

ஆகவே திரை, பேட்டரி, உடல் சட்டகம் என்று உதிரி பாகங்களைப் பற்றி வரும் செய்தியில் பெரும்பாலும் சரக்கு இருக்கும். அது பல கைகள் மாறுகிறது, பல ஆலைகள் மாதக்கணக்கில் முன்பே அச்சு வெட்ட வேண்டியிருக்கிறது. விலையும் தேதியும் அப்படி அல்ல. அவை ஒரு சிலரின் தலைக்குள் கடைசி நேரம் வரை மாறக்கூடியவை. திரையின் அளவு தெரிந்தால் கவரின் அளவு தெரிந்துவிடும் என்றும் எண்ண வேண்டாம். பொத்தான் எங்கே, கேமரா மேடை எவ்வளவு உயரம், கீல் எவ்வளவு தடிமன் என்பதெல்லாம் வேறு கணக்கு. மடிக்கும் போனில் அரை மில்லிமீட்டர் தவறினாலும் கவர் போனை முழுதாக மூட விடாது. முன்பக்கத் துண்டைப் பல மாடல்களில் பசையால்தான் பிடித்து வைக்க வேண்டியிருக்கிறது.

வதந்தியைவிட உறுதியானது சட்டம். ஐரோப்பிய ஒன்றியம் 2022-லேயே போன்களுக்கு டைப்-சி முனை கட்டாயம் என்று முடிவெடுத்துவிட்டது. 2024 டிசம்பர் 28 கெடு. ஐபோன் 15 அதற்கு முன்பே, 2023-ல் மாறியது. யாருடைய கசிவும் தேவைப்படவில்லை, அரசு ஆவணம் எல்லார் கண்ணெதிரே இருந்தது. அதைப் பார்த்தவர்கள் ஐபோனின் பழைய லைட்னிங் ஒயரை அளவாக எடுத்தார்கள்.

ஒருவரை ஒருவர் கேலி செய்து போடும் விளம்பரங்களை வைத்தும் சரக்கு எடுக்காதீர்கள். 2016-ல் ஐபோன் 7-இல் இயர்போன் துளையை ஆப்பிள் எடுத்தபோது கூகுளும் சாம்சங்கும் குத்திக்காட்டின. கூகுள் 2017-ல் பிக்சல் 2-இல் எடுத்துவிட்டது, சாம்சங் 2019-ல் நோட் 10-இல் எடுத்துவிட்டது. 2020 அக்டோபரில் பெட்டிக்குள் சார்ஜர் இல்லை என்றது ஆப்பிள். "எங்களிடம் உண்டு" என்று பதிவு போட்ட சாம்சங், 2021 ஜனவரியில் எஸ்21 பெட்டியிலிருந்து அதை நீக்கியது. உங்கள் கடையில் சார்ஜர் விற்பனை ஏறியிருந்தால் அதற்கு இதுவும் ஒரு காரணம். ஒருவர் எடுத்துவிட்டால் மற்றவரும் எடுப்பார் என்று வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள்.

கொடுங்கையூர் வாசகன்:

அண்ணா, 2011 கதை எனக்குத் தெரியாது. ஆனாலும் அந்தப் போன் வரும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

கல்மண்டபம் பழுதுபார்ப்பவர்:

வரட்டும் தம்பி. போன் வருமா என்பது ஒரு கேள்வி, இந்தக் கவர் அதற்குப் பொருந்துமா என்பது வேறு கேள்வி. இரண்டாவதற்குத்தான் தங்கச்சி பணம் கட்ட வேண்டியிருக்கிறது.

மணலி பெண்:

நான் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு போன் ஆலையில் வேலை செய்கிறேன். எந்த ஆலை, எந்த போன் என்று சொல்ல மாட்டேன். ஒரு விஷயத்தை மட்டும் இங்கே சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

ஐபோன் 14 இந்தியாவில் தயாராகிறது என்று 2022-ல் செய்தி வந்ததிலிருந்து சொந்தக்காரர்கள், தெருக்காரர்கள் எல்லாரும் எங்களைப் போன்றவர்களிடம் கேட்பது ஒன்றுதான்: "அடுத்தது எப்படி இருக்கும்? உள்ளே பார்த்திருப்பாயே!" வரிசையில் நிற்பவளுக்குத் தன் முன்னால் வரும் பாகம்தான் தெரியும். நான் ஒரு திருகைப் போட்டு, சரியாக உட்கார்ந்ததா என்று பார்த்து, அடுத்தவருக்குத் தள்ளுகிறேன். சொந்த போனை உள்ளே கொண்டுபோக முடியாது. போகும்போதும் வரும்போதும் சோதனை.

"ஆலைக்குள் இருப்பவர் சொன்னார்" என்று காணொளி போடுகிறவர்கள் பேர் வாங்குகிறார்கள். உண்மையாகவே உள்ளே யாராவது வாய் தவறிச் சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளையின் வேலை போகும். எங்களோடு இருப்பவர்களில் பலர் வெளியூரிலிருந்து வந்து விடுதியில் தங்கி, வீட்டுக்குப் பணம் அனுப்புகிற சின்ன வயதுப் பெண்கள். தயவுசெய்து அவர்களைத் துருவாதீர்கள். அக்கா, உங்கள் வியாபாரி "ஆலையிலிருந்து அளவு வந்தது" என்று சொன்னால் அதை நம்பிப் பணம் தராதீர்கள்.

டி.எச். ரோட்டுக் கடை:

எல்லாருக்கும் நன்றி. மணலித் தங்கச்சி சொன்னதைப் படித்ததும் மனம் கனத்துவிட்டது. வியாபாரி அதே வார்த்தையைத்தான் சொன்னார், "ஆலையிலிருந்து அளவு வந்தது" என்று.

இன்று காலை அவருக்குப் போன் செய்து, போன் வெளியான பிறகு பொருத்திப் பார்த்து எடுத்துக்கொள்கிறேன் என்றேன். அப்போது இந்த விலை இருக்காது என்றார். இருக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அண்ணா, இன்னும் ஒரு கேள்வி. ஆயுத பூஜை, தீபாவளி விற்பனை வருகிறது. அதற்கு ஒதுக்கும் பணத்தை எதில் போடுவது? என் கடைக்கு வருகிறவர்கள் காசிமேட்டில் மீன் ஏலம் எடுப்பவர்கள், துறைமுகத்து லாரி ஓட்டுநர்கள், கல்லூரிப் பிள்ளைகள். ரெட்மி, விவோ, சாம்சங் ஏ வரிசை. ஐபோன் என்றால் தவணையில் எடுத்தது அல்லது பழையது.

கல்மண்டபம் பழுதுபார்ப்பவர்:

பதில் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. இந்த நிறுவனங்களின் போட்டியில் நம் தெருவுக்கு வந்து சேருவது புதிய போன் அல்ல, விலை குறைந்த போன வருடத்துப் போன். 2024 செப்டம்பரில் ஐபோன் 16 வந்ததும் 15-இன் விலை ரூ.79,900-லிருந்து ரூ.69,900 ஆனது. 2025-ல் 17 வந்ததும் 16-க்கும் அதேபோல் ரூ.10,000 குறைந்தது. பண்டிகைத் தள்ளுபடி அதற்கு மேல். ஒவ்வொரு தீபாவளிக்கும் என் மேசைக்குப் புதிதாக வருபவை அந்த முந்தைய மாடல்கள்தான். அவற்றின் அளவில் யாருக்கும் சந்தேகம் கிடையாது, கவரும் மலிவு.

காசிமேட்டுக்காரர்களுக்கு வேறு தேவை. அங்கிருந்து வரும் போன்களில் சார்ஜிங் முனை பச்சை பூத்து, ஸ்பீக்கர் வலையில் உப்பு அடைத்துக் கிடக்கும். தண்ணீர் தாங்கும் போன் என்று விளம்பரத்தில் சொன்னாலும் நீர் புகுந்த சேதத்துக்குப் பெரும்பாலும் வாரண்டி கொடுப்பதில்லை. முனைகளை மூடும் ரப்பர் வைத்த கவர், கழுத்தில் மாட்டும் நீர் புகாத பை, இவற்றை நன்றாக எடுத்து வையுங்கள்.

மடிக்கும் போனோடு யாராவது வந்தால், சாம்சங்காக இருந்தாலும் சரி, உள்திரையில் டெம்பர் கிளாஸ் ஒட்டக் கடைப்பையனை விடாதீர்கள். மடியும் திரையில் அது நிற்காது. ஏற்கெனவே ஒட்டியிருக்கும் படலத்தையும் உரிக்கக் கூடாது. 2019 ஏப்ரலில் முதல் கேலக்ஸி ஃபோல்டைச் சோதித்துப் பார்த்த விமர்சகர்களில் சிலர் அதைச் சாதாரண ஸ்கிரீன் கார்டு என்று நினைத்து உரித்ததில் திரை செத்துப்போனது. சாம்சங் விற்பனையைச் செப்டம்பருக்குத் தள்ளிவைத்தது.

ஐபோன் 15, 16 கவர்களைக் கலந்து தந்தால் வாங்காதீர்கள். 15-இல் கேமராக்கள் கோணலாக இருக்கும், 16-இல் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும். பாரிமுனையிலேயே பெட்டியைப் பிரித்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.