எழுமலை வீட்டுக் குழு: யாழினி எங்கே சேரப் போகிறாள்?

சனிக்கிழமை, மாலை 6:12

செல்வி: எல்லாருக்கும் ஒரு விஷயம். யாழினிக்கு மதுரையில் இருக்கிற அரசு மாதிரிப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்புக்குப் பெயர் வந்திருக்கிறது. ஹெச்.எம். இப்போதுதான் போன் பண்ணினார். அங்கேயே விடுதி, சாப்பாடு, நுழைவுத் தேர்வுப் பயிற்சி எல்லாம். பணம் எதுவும் கிடையாதாம். திங்கட்கிழமைக்குள் சம்மதம் சொல்ல வேண்டும். இவர் தோட்டத்தில் இருக்கிறார், வந்ததும் பேசுவார்.

தனலட்சுமி: என் தங்கம்!!

தனலட்சுமி: இதில் யோசிக்க என்ன இருக்கு செல்வி

கார்த்தி: சூப்பர் அத்தை. யாழினிகிட்ட வாழ்த்து சொல்லுங்க

ராசு: விடுதியா?

சோலைமலை: வாழ்த்துகள். மச்சான், காதுகுத்துக்கு வேன் ஒன்றா இரண்டா? டிரைவர் கேட்டுக்கொண்டே இருக்கிறான்.

ராசு: வேன் பிறகு பார்க்கலாம். முருகா, உசிலம்பட்டி ரோட்டுத் தனியார் பள்ளிக்கூடத்தில் நான் பேசி முடித்தது என்ன ஆச்சு? பத்தாம் வகுப்பில் 500க்கு 487 என்றதும் தாளாளரே இரண்டு வருஷக் கட்டணமும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பஸ் எழுமலைக்கே வருகிறது. ராத்திரி பிள்ளை வீட்டில் இருக்கும்.

பால்பாண்டி: வண்டியில் இருக்கிறேன். வீட்டுக்குப் போய் விரிவாக எழுதுகிறேன். அதுவரை யாரும் டி.சி. வாங்கிவிட வேண்டாம். ரொம்ப முக்கியம்.

கார்த்தி: பாண்டி மாமா விரிவாக எழுதப் போகிறார். எல்லாரும் சார்ஜ் போட்டு வைங்க

தனலட்சுமி: டேய்

சோலைமலை: வேன்?

மாலை 7:03

பால்பாண்டி: வந்துவிட்டேன். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். யாழினி ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில்தான் படிக்கிறாள். பன்னிரண்டு வரைக்கும் அரசுப் பள்ளியிலேயே முடித்தால் அவளுக்குக் கல்லூரிச் சேர்க்கையில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. மருத்துவத்துக்கு 2020இல் வந்தது. 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் என்று மற்றத் தொழிற்படிப்புகளுக்கும் சட்டம் போட்டார்கள். இந்த ஒதுக்கீட்டில் பொறியியல் சேர்கிற பிள்ளைக்குக் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே கட்டுகிறது. இப்போது டி.சி. வாங்கித் தனியாரில் சேர்த்தால் இரண்டு வருஷக் கட்டணம் மிச்சம், ஆனால் அதற்குப் பிறகு வரும் நாலு வருஷமும் கையை விட்டுப் போய்விடும். புதுமைப் பெண் திட்டத்தில் கல்லூரிக்குப் போகும்போது மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறதே, அதற்கும் இதே மாதிரி கணக்குதான். மாதிரிப் பள்ளியும் அரசுப் பள்ளி. அங்கே போனால் எதுவும் போகாது.

செல்வி: இதை எங்களுக்கு யாருமே சொல்லவில்லை தம்பி

பால்பாண்டி: அதனால்தான் டி.சி. வாங்க வேண்டாம் என்றேன் அண்ணி

ராசு: தாளாளர் எனக்கு இருபது வருஷப் பழக்கம். நம் பிள்ளைக்குக் கெடுதல் நினைக்கிற ஆள் இல்லை.

பால்பாண்டி: அவரைக் குறை சொல்லவில்லை பெரியண்ணே. 487 எடுத்த பிள்ளை அவர் பள்ளியில் பன்னிரண்டு எழுதினால் அடுத்த வருஷம் அவருக்கு ஐம்பது அட்மிஷன் வரும். அது அவருடைய கணக்கு. நாம் நம் பிள்ளையின் கணக்கைப் பார்க்க வேண்டும்.

ராசு: அப்போ கேட்டு வாங்கியவன் விவரம் கெட்டவன்.

(பால்பாண்டி ஒரு செய்தியை நீக்கினார்)

தனலட்சுமி: அண்ணே, அவன் அப்படியா சொன்னான்

சரவணன் டாலஸ்: இங்கே காலை ஒன்பது. இப்போதுதான் எல்லாவற்றையும் படித்தேன். யாழினி, பெரியப்பாவின் வாழ்த்துகள். முருகா, பாண்டி சொல்வதைக் கேள்.

ராசு: வெளிநாட்டில் இருந்துகொண்டு எல்லாரும் சொல்லலாம்.

முருகன்: (குரல் பதிவு 0:48)

கார்த்தி: முருகன் மாமா பேசுவது கேட்கவில்லை, மோட்டார் சத்தம்தான் கேட்குது

செல்வி: அவர் சொல்வது, பெரிய மாமா பேச்சை மீறி எதுவும் செய்ய மாட்டோம், ஆனால் பாப்பா ஆசைப்படுகிறாள் என்று. எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. இதுவரை ஒரு ராத்திரி கூட எங்களை விட்டுத் தங்கியதில்லை. அப்புறம் தமிழ் மீடியம் பிள்ளை. அங்கே மதுரைப் பிள்ளைகள் எல்லாம் இங்கிலீஷில் பேசினால் என்ன செய்வாள்?

சரவணன் டாலஸ்: செல்வி, நானும் எழுமலையில் தமிழ் மீடியம் படித்தவன்தான். கல்லூரியில் முதல் ஆறு மாதம் கஷ்டம். பிறகு சரியாகிவிட்டது.

பால்பாண்டி: அங்கே வருகிறவர்கள் எல்லாரும் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் அண்ணி. மேலூர், பேரையூர், வாடிப்பட்டி என்று நம்மைப் போல ஊர்களிலிருந்துதான் வருவார்கள். பொறியியலுக்கான ஜேஇஇ மெயின் நுழைவுத் தேர்வைத் தமிழிலும் எழுதலாம், மருத்துவத்துக்கான நீட்டும் அப்படித்தான். ஐஐடிக்கான ஜேஇஇ அட்வான்ஸ்டு மட்டும் ஆங்கிலம் அல்லது இந்தி. அதற்கு இரண்டு வருஷம் இருக்கிறது.

சோலைமலை: ஆட்டுக்குச் சொல்லியாச்சா? சனிக்கிழமைச் சந்தையை விட்டால் விலை ஏறிவிடும்

ராசு: சொல்லியாச்சு. இரண்டு கெடா.

சோலைமலை: போன தடவை கறி பத்தவில்லை

தனலட்சுமி: போன தடவை யார் ஊரையே கூட்டி வந்தது

சரவணன் டாலஸ்: எங்கள் மகள் நிலா போன வருஷம் ஏபி கால்குலஸ் எழுதினாள். ஏபி என்றால் பள்ளியில் இருந்துகொண்டே கல்லூரி முதல் வருஷத் தரத்துப் பாடத்தைப் படிப்பது. காலேஜ் போர்டு என்கிற அமைப்பு நடத்துகிறது. மே மாதம் தேர்வு, 1 முதல் 5 வரை மதிப்பெண். 3 அல்லது அதற்கு மேல் வாங்கினால் பல கல்லூரிகளில் அந்தப் பாடத்தைத் திரும்பப் படிக்க வேண்டாம், அந்தக் கட்டணமும் மிச்சம். டூயல் கிரெடிட் என்று இன்னொன்று இருக்கிறது, பக்கத்துச் சமுதாயக் கல்லூரியின் பாடத்தைப் பள்ளியிலேயே எடுக்கலாம். ஆனால் எல்லாப் பள்ளியிலும் எல்லாப் பாடமும் கிடையாது. ஏபி தேர்வுக்கு ஒரு பாடத்துக்கு நூறு டாலர் போல நாங்கள் கட்ட வேண்டும். யாழினிக்கு விடுதியும் போட்டு, சோறும் போட்டு, பயிற்சியும் கொடுக்கிறேன் என்கிறார்கள். இங்கே அதை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது.

பால்பாண்டி: அண்ணே, அந்த கால்குலஸ் நம்முடைய பதினொன்றாம் வகுப்புக் கணக்கு இரண்டாம் தொகுதியில் இருக்கிறது. எல்லை, வகையிடல், தொகையிடல் எல்லாமே. புத்தகத்தில் குறை இல்லை. பல பள்ளிகளில் அந்தப் புத்தகத்தை முழுதாக நடத்துவதில்லை. பதினொன்றின் பாதியிலேயே பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை ஆரம்பித்து இரண்டு வருஷமும் அதையே உருப்போட வைப்பார்கள். அதைத் தடுக்கத்தான் 2017-18இல் பதினொன்றுக்கும் பொதுத்தேர்வு வந்தது. 2025-26 முதல் அதை எடுத்துவிட்டார்கள். பிள்ளைகளுக்குப் பாரம் குறைந்தது நல்லதுதான். ஆனால் இனி பதினொன்றைத் தாண்டிக் குதிக்கிற பள்ளியை யார் கேட்பது? ஜேஇஇயிலும் நீட்டிலும் கிட்டத்தட்டப் பாதி பதினொன்றாம் வகுப்புப் பாடம். என் வகுப்புக்கு வரும் பிள்ளைகள் பன்னிரண்டில் 600க்கு 580 வாங்கிவிட்டு நுழைவுத் தேர்வில் உட்காரும்போது, வகையிடல் எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் விழிக்கிறார்கள். எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கிறது. பெரியண்ணே, தாளாளரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள். பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை எந்த மாதம் வரை நடத்துவீர்கள்? அவர் சொல்கிற பதிலை வைத்து முடிவு செய்யுங்கள்.

கார்த்தி: 100% உண்மை. எனக்கு நவம்பரில் நிறுத்தினாங்க

தனலட்சுமி: இதை ஏன்டா அப்போ சொல்லவில்லை

கார்த்தி: யார் கேட்டீங்க

இரவு 8:20

செல்வி: என்ன குரூப் எடுப்பது தம்பி? இவள் கணக்கு என்கிறாள். அவர் டாக்டருக்குப் படிக்கட்டும் என்கிறார்.

பால்பாண்டி: பயோ-மேத்ஸ் எடுக்கட்டும் அண்ணி, கணக்கும் உயிரியலும் சேர்ந்தது. இரண்டு கதவும் திறந்திருக்கும். பொறியியல் கலந்தாய்வுக்குக் கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50, மொத்தம் 200க்குக் கட்-ஆஃப். அதற்கு நுழைவுத் தேர்வு கிடையாது. உயிரியலும் இருந்தால் நீட் எழுதலாம். பாடம் கொஞ்சம் கூடுதல். அவளால் முடியும்.

கார்த்தி: சென்னை ஐஐடியில் பி.எஸ். டேட்டா சயின்ஸ் ஆன்லைனில் இருக்கு. அதுக்கு ஜேஇஇ வேண்டாம். பதினொண்ணு முடிச்சதுமே தகுதித் தேர்வுக்குப் போடலாம். என் கூடப் படிக்கிற பையன் இன்ஜினியரிங்கோடு சேர்த்து அதையும் படிக்கிறான்

பால்பாண்டி: நல்ல யோசனை. ஆனால் முதலில் பள்ளி.

ராசு: எல்லாம் சரி. வயசுப் பிள்ளையை விடுதியில் விட்டு, நாளைக்கு ஒன்று ஆனால் யார் பதில் சொல்வது? எழுமலையில் என் வாசலில் வந்துதான் கேட்பார்கள். உங்கள் வாசலில் இல்லை.

தனலட்சுமி: 1996இலும் இதையேதான் சொன்னீர்கள் அண்ணே.

தனலட்சுமி: பிளஸ் டூவில் 1200க்கு 1031. ஸ்கூலில் நான்தான் முதல். மீனாட்சி காலேஜில் பி.எஸ்சி. கணக்குக்கு இடம் வந்தது. தினமும் போய்வர முடியாது, விடுதியில் விட மாட்டோம் என்றீர்கள். அப்பாவும் உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சரி என்றார். ஆவணியில் கல்யாணம். நான் குறையாகச் சொல்லவில்லை. இவர் என்னை நன்றாகத்தான் வைத்திருக்கிறார். ஆனால் கார்த்திக்கு எட்டாம் வகுப்பு வரை கணக்கு சொல்லிக்கொடுத்தது நான். ஒன்பதாம் வகுப்பில் அவன் டியூஷன் போனபோது வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன், வாத்தியார் என்ன சொல்லித் தருகிறார் என்று. யாழினி அப்படி நிற்கக் கூடாது.

(சிறிது நேரம் யாரும் எழுதவில்லை)

சோலைமலை: இது எனக்கே தெரியாது தனம்

கார்த்தி: அம்மா

ராசு: (அனுப்பிய படம்: இனிய இரவு வணக்கம், தாமரைப்பூ)

சரவணன் டாலஸ்: பெரியண்ணே, தூங்கப் போய்விடாதீர்கள். இன்று பேசி முடிக்க வேண்டிய விஷயம்.

இரவு 9:15

செல்வி: நான் யாழினி. அம்மா போனில் இருந்து எழுதுகிறேன். பாண்டி சித்தப்பா, பதினொன்றாம் வகுப்பு முக்கோணவியலில் ஒரு கணக்கு விடை வரவில்லை. பார்த்துச் சொல்லுங்க.

செல்வி: (படம்)

பால்பாண்டி: பாடமே இன்னும் ஆரம்பிக்கவில்லை! புத்தகம் ஏது?

செல்வி: பக்கத்து வீட்டு அக்காவுடையது. மூன்றாவது பாடம் வரைக்கும் வந்திருக்கிறேன்.

சரவணன் டாலஸ்: நிலாவிடம் காட்டினேன். சைன் A 3/5 என்றும், A இரண்டாம் கால்பகுதியில் என்றும் கொடுத்திருக்கிறார்கள். அப்போது காஸ் A கழித்தல் 4/5. யாழினி மூன்றாவது வரியில் கழித்தல் குறியை விட்டுவிட்டாள், மற்றதெல்லாம் சரி என்கிறாள். இந்தக் கணக்கை இவள் பத்தாம் வகுப்பில் போட்டாளாம். தமிழ் எழுத்தில் இருந்ததால் முதலில் தலைகீழாகப் பிடித்தாள்.

செல்வி: ஆமா பெரியப்பா!! இப்போ விடை வந்துவிட்டது. நிலாவுக்கு நன்றி சொல்லுங்க.

பால்பாண்டி: குறிதான் எல்லாருக்கும் வழுக்கும் இடம். ஒவ்வொரு தடவையும் எந்தக் கால்பகுதி என்று பக்கத்தில் எழுதிவிட்டு ஆரம்பி.

ராசு: பாப்பா, யார் சொல்லிக்கொடுத்தது?

செல்வி: புத்தகத்தைப் பார்த்துத்தான் பெரியப்பா. உங்களிடம் ஒன்று சொல்லலாமா? உசிலம்பட்டி ரோட்டுப் பள்ளிக்கூடப் பஸ் காலை ஆறரைக்கு வருகிறது. அங்கே சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து எழுமலை வர எட்டு மணி ஆகிவிடும். பக்கத்து வீட்டு அக்கா அதில்தான் போகிறார். சாப்பிட்டுவிட்டு புத்தகத்தின் மேலேயே தூங்கிவிடுகிறார். நான் எப்போது படிப்பேன்? விடுதிக்குப் போக எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் போகணும்.

தனலட்சுமி: ❤️❤️

முருகன்: அண்ணே, நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

ராசு: நான் பார்க்காமல் எதற்கும் சரி சொல்ல மாட்டேன். திங்கட்கிழமை காலையில் நானும் வருகிறேன். அறை எப்படி இருக்கு, குளியலறைக் கதவில் தாழ்ப்பாள் இருக்கா, வார்டன் அம்மா யார், ராத்திரி வாட்ச்மேன் யார், எல்லாம் பார்க்கணும். போன் பேச விடுவார்களா என்றும் கேட்கணும்.

பால்பாண்டி: கட்டாயம் கேட்போம் பெரியண்ணே. நானும் அரை நாள் லீவு போட்டுவிட்டு வருகிறேன்.

ராசு: அதுவரை தாளாளருக்கு நான் பதில் சொல்லவில்லை. முருகா, நீயும் எதிலும் கையெழுத்துப் போடாதே. அங்கேயும் போடாதே, இங்கேயும் போடாதே.

செல்வி: சரிங்க மாமா. டி.சி. எழுமலைப் பள்ளியில்தான் இருக்கிறது.

செல்வி: மாமா, காதுகுத்து ஞாயிற்றுக்கிழமையே பள்ளியில் சேரச் சொன்னால்?

ராசு: காதுகுத்துக்கு எல்லாரும் இருக்கணும்.

தனலட்சுமி: அண்ணே!

சரவணன் டாலஸ்: காலையில் காதுகுத்து, மதியம் விடுதி. எழுமலையில் இருந்து மதுரை எவ்வளவு நேரம் ஆகப்போகிறது?

சோலைமலை: அப்படியென்றால் வேன் இரண்டு வேணும். ஒன்று கோயிலுக்கு, ஒன்று பாப்பாவுக்கு. இப்போதே சொல்லிவிடவா?

ராசு: பொறு மச்சான். திங்கட்கிழமை பார்த்துவிட்டுச் சொல்கிறேன். பாண்டி, நீ எழுதினாயே அந்த 7.5 கணக்கு, அதை பிரிண்ட் எடுத்துக் கொண்டு வா. போனில் எழுத்துத் தெரியவில்லை.

பால்பாண்டி: பெரிய எழுத்தில் எடுத்து வருகிறேன் அண்ணே.

ராசு: பதினொன்றாம் வகுப்புப் பாடம் எந்த மாதம் வரைக்கும் என்று கேட்கச் சொன்னாயே, அதையும் அதில் எழுது. இரண்டு இடத்திலும் கேட்கிறேன்.